"நீங்களே சொல்லுங்க மேடம்" என்பவரிடம் எந்த அணுகுமுறை எடுபடும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் கவுன்சலிங் சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பாடத்திட்டத்தில் பேச்சுப் பாணிகள் ஒரு யூனிட். ரோஜர்ஸ், எல்லிஸ், பெக் என்று மனநல நிபுணர்கள் உருவாக்கிய சிகிச்சை அணுகுமுறைகள் இன்னொரு யூனிட். இரண்டையும் சேர்த்துப் பேசும் பக்கம் ஒன்றுகூட இல்லை. இன்டர்ன்ஷிப்பில் உங்களிடம் 38 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். தீராத தலைவலி, டாக்டர் அனுப்பியிருக்கிறார். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தைதான் பதில். ரோஜர்ஸ் வழியில் அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்னால், "அதைத்தானே மேடம் நானும் சொன்னேன்" என்கிறார். கடைசியில் "என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறார். உங்கள் சூப்பர்வைசரோ அறிவுரை சொல்லவே கூடாது என்கிறார். எந்தப் பாணிக்கு எந்த அணுகுமுறை என்று ஒரு அட்டவணை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டவணை கிடையாது. பதினெட்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இருந்தால் எனக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் உங்கள் இரண்டு யூனிட்டும் உண்மையில் ஒரே யூனிட்தான். ஒவ்வொரு அணுகுமுறையும் ஒரு பேச்சுப் பாணி. அதை உருவாக்கியவர் தன் ஊரில், தன் வளர்ப்பில், தனக்கு இயல்பாக வந்த பேச்சை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். நாம் கொள்கையைக் கற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, கூடவே அந்த ஊரின் பேச்சு வழக்கையும் பொட்டலத்தோடு வாங்கி வந்துவிடுகிறோம்.

இதற்கு நல்ல சாட்சி, 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பயிற்சிப் படம். உங்கள் கல்லூரியிலும் போட்டிருப்பார்கள். எவரெட் ஷோஸ்ட்ராம் தயாரித்தது. குளோரியா என்ற, விவாகரத்தான முப்பது வயதுப் பெண், கார்ல் ரோஜர்ஸ், ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் மூவரிடமும் தனித்தனியாக அரை மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ பேசுகிறாள். ஒரே பெண், மூன்று பேர். வகுப்பில் இதைக் கொள்கை ஒப்பீடாகக் காட்டுவார்கள். நீங்கள் ஒருமுறை ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், யார் முன்னால் சாய்கிறார்கள், யார் சிகரெட்டும் கையுமாகப் பின்னால் சாய்ந்திருக்கிறார்கள் என்பதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

ரோஜர்ஸ் சிகாகோவின் புறநகரில், கண்டிப்பான புராட்டஸ்டன்ட் வீட்டில் வளர்ந்தவர். அடங்கிய குரல், நீண்ட இடைவெளிகள், மற்றவர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம். எல்லிஸ் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். வேகமாகப் பேசுவார், குறுக்கே பேசுவார், வாதாடுவார், கெட்ட வார்த்தைக்கும் கூச்சப்படமாட்டார். பத்தொன்பது வயதில் தன் கூச்சத்தைப் போக்க பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் முன்பின் தெரியாத நூறு பெண்களிடம் வலியப் போய்ப் பேசினேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மனிதரிடம் பேச்சைத் திருப்பிச் சொல்லிவிட்டு மௌனமாக இரு என்றால் முடியுமா? பெர்ல்ஸ் பெர்லினில் பிறந்தவர், இளமையில் நாடகத்தின் மேல் மோகம் கொண்டவர். அவர் முறையில் காலி நாற்காலியில் ஆள் இருப்பதாக நினைத்துப் பேசுவதும், வேடம் மாற்றிப் பேசுவதும், "நீ இப்போது சிரிக்கிறாயே, ஏன்?" என்று சீண்டுவதும் இருப்பதில் வியப்பில்லை.

படத்தில் குளோரியா ரோஜர்ஸிடம் என்ன கேட்கிறாள் தெரியுமா? விவாகரத்துக்குப் பிறகு ஆண்களுடன் உறவு இருந்ததா என்று ஒன்பது வயது மகள் கேட்டிருக்கிறாள். இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா வேண்டாமா, அது அவளைப் பாதிக்குமா, நீங்கள் சொல்லுங்கள் என்கிறாள். ரோஜர்ஸ், அது உன் சொந்த விஷயம், பதிலை நான் தர முடியாது, நீயே உன் பதிலைக் கண்டுபிடிக்க உதவுகிறேன் என்கிற மாதிரி சொல்கிறார். நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று பயந்தேன் என்கிறாள் அவள். ஆக, "நீங்களே சொல்லுங்க" என்பது நம் ஊர் நோய் ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவிலும் கேட்டிருக்கிறார்கள்.

படத்தின் முடிவில் தனக்கு அதிகம் பயன்படக்கூடியவர் பெர்ல்ஸ் என்று அவள் சொன்னாள். பின்னாளில் அந்தச் சந்திப்பின் மேல் அவளுக்குக் கசப்புதான் மிஞ்சியது. கடிதத் தொடர்பு ரோஜர்ஸுடன்தான் பல ஆண்டுகள் நீடித்தது. அறையை விட்டு வெளியே வரும்போது ஒருவர் சொல்லும் "நல்லா இருந்துச்சு மேடம்" என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போனதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். முதல் சிக்கல் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. நாம் "உளவியல் ஆலோசனை மையம்" என்று எழுதி வைக்கிறோம். ஆலோசனை என்றால் யோசனை சொல்வது. தலைவலியோடு பஸ் ஏறி வந்தவர், பலகையில் எழுதியிருப்பதைத்தானே கேட்கிறார்? இலங்கைத் தமிழர்கள் இதற்கு "உளவளத்துணை" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், செய்பவர் "உளவளத்துணையாளர்". துணை வருபவர் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்மேல் பொறாமை உண்டு.

அறிவுரை கேட்பது தன்னம்பிக்கைக் குறைவு, சார்ந்திருக்கும் குணம் என்று புத்தகம் படித்தவர்கள் சட்டென்று முத்திரை குத்திவிடுவார்கள். நம்மிடையே ஒருவரிடம் யோசனை கேட்பது பல நேரங்களில் மரியாதை. "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்" என்று மாமாவிடம் போய் நிற்பவர் ஏற்கெனவே நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். கேட்பது உறவைத் தொடங்கும் வழி. ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973இலேயே, இங்கே சிகிச்சை உறவைக் குரு-சீடர் உறவின் சாயலில் பார்க்கலாம் என்று எழுதினார். குரு வழிகாட்டுவார், சீடரும் எதிர்பார்ப்பார். அதில் ஆபத்தும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நான் செய்வது இது. கேட்டதும் மறுப்பதில்லை. "சொல்றேன். அதுக்கு முன்னாடி, இதுவரைக்கும் யார் யார் என்ன சொன்னாங்க? அதுல எது கொஞ்சமாவது சரின்னு பட்டுச்சு?" என்று கேட்பேன். பிறகு இரண்டு மூன்று வழிகளை, இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று வைப்பேன். பிறகு, "இதுல உங்க வீட்டுக்கு எது ஒத்துவரும்?" என்று திருப்பி அவரிடமே விடுவேன். இது என் கண்டுபிடிப்பில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளிகளுக்காக எழுதத் தொடங்கிய, மாறும் விருப்பத்தை வருபவரிடமிருந்தே வரவழைக்கும் மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் முறையில் உள்ள "கேள், கொடு, மறுபடி கேள்" என்ற வரிசைதான். உங்கள் சூப்பர்வைசருக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

அடுத்தது "அதைத்தானே நானும் சொன்னேன்". இதைக் கேட்டு நீங்கள் நொந்துபோயிருப்பீர்கள். எனக்கும் முதல் வருடம் இதே பேச்சு விழுந்தது. சொன்னதைப் பொழிப்புரையாகத் திருப்பிச் சொல்வது ஆங்கிலத்தில் கேட்பதற்கு அக்கறையாக இருக்கிறது. தமிழில் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஆகிவிடுகிறது. "நீங்கள் வருத்தமாக உணர்கிறீர்கள் என்று சொல்கிறீர்கள்" என்று எந்தத் தமிழரும் இன்னொரு தமிழரிடம் பேசியதில்லை. ரோஜர்ஸே, தன் முறையைக் கிளிப்பிள்ளைப் பேச்சாகச் சுருக்கிவிட்டார்களே என்று வருந்தியவர்தான்.

ஆனால் திருப்பிச் சொல்லும் கலை நம்மிடம் இல்லை என்று நினைக்காதீர்கள். பாட்டி கதை சொன்னால் உம் கொட்ட ஓர் ஆள் வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு "ஆமா" போடுவார், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று இழுப்பார். முழு வரியையும் பொழிப்புரை செய்யமாட்டார். அறையிலும் அப்படித்தான். அவர் "ராத்திரி பூரா தூக்கமே இல்ல மேடம், அவர் வர்ற சத்தம் கேக்குதான்னு படுத்திருப்பேன்" என்றால், நீங்கள் "சத்தம் கேக்குதான்னு..." என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மிச்சம் தானாக வரும். இதுவும் ரோஜர்ஸ்தான், வேட்டி கட்டிய ரோஜர்ஸ்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: இலக்கணம். எல்லிஸின் முறையில் அச்சாணி, உன்னைக் கோபப்படுத்துவது நிகழ்ச்சி இல்லை, அதைப் பற்றிய உன் நம்பிக்கைதான். நீயேதான் உன்னைக் கோபப்படுத்திக்கொள்கிறாய் என்பது. ஆங்கில வாக்கியத்தில் கோபப்படுபவன் எழுவாயாக முன்னால் நிற்கிறான், அதனால் அவனைப் பொறுப்பேற்கச் சொல்வது எளிது. தமிழில் என்ன சொல்கிறோம்? "எனக்குக் கோபம் வருது." கோபம் எழுவாய். நான் நான்காம் வேற்றுமையில், வாசலில் நிற்கும் ஆள் மாதிரி நிற்கிறேன். கோபம் எங்கிருந்தோ வருகிறது. பயமாக இருக்கிறது, அழுகை அழுகையாக வருகிறது, வெறுப்பாக இருக்கிறது, எல்லாம் அப்படித்தான். "கோபப்படுறேன்" என்றும் சொல்வோம்தான். ஆனால் அது பெரும்பாலும் "ஏன் இப்படிக் கோபப்படுற?" என்று அடுத்தவர் குறை சொல்லும்போது வருகிற வடிவம். ஆகவே எல்லிஸின் வாக்கியத்தை நேராகத் தமிழில் போட்டால் அது மாமியார் குரலில் வந்து விழுகிறது. வந்தவர் சுருங்கிவிடுகிறார்.

இதே இலக்கணம் இன்னொரு அணுகுமுறைக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தில் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த நரேட்டிவ் தெரபியில், பிரச்சினையை மனிதரிடமிருந்து பிரித்து வெளியே நிறுத்திப் பேசுவார்கள். 1980களில் ஒயிட், மலத்தை அடக்க முடியாத ஒரு சிறுவனோடு பேசும்போது அந்தத் தொல்லைக்கே ஒரு குறும்புப் பெயர் வைத்து, அது எப்போது வருகிறது, எப்படி ஏமாற்றுகிறது, நீ எப்போது அதை ஏமாற்றினாய் என்று விசாரித்தார். ஆங்கிலம் பேசுபவருக்கு இது பழகிக்கொள்ள வேண்டிய ஒரு நுட்பம். நமக்கு அது தாய்மொழி. "கோபம் வருதுன்னு சொன்னீங்களே, அது வர்றதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லிட்டு வருமா? எத்தனை மணிக்கு வரும்? வந்து எவ்வளவு நேரம் இருக்கும்? எப்பவாவது வந்துட்டு, நீங்க கண்டுக்காததால திரும்பிப் போயிருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தைக்காரர்கள்கூடப் பேசுவார்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் எல்லிஸ் தேடிய பொறுப்பும் இருக்கும், குற்றச்சாட்டு இல்லாமல்.

எண்ணத்தைச் சோதித்து மாற்றுவதன் வழியாக உணர்ச்சியை மாற்றப் பார்க்கும் பெக்கின் சிபிடியில் எண்ணம் ஒரு கட்டம், உணர்ச்சி இன்னொரு கட்டம் என்று தாளில் எழுதச் சொல்வோம் அல்லவா? அங்கேயும் மொழி காலை வாரும். "தோணுது" என்ற சொல் இரண்டையும் விழுங்கிவிடும். "ஒரு மாதிரி தோணுச்சு" என்றால் அது எண்ணமா, உணர்ச்சியா? நான் தாளையே மாற்றிவிட்டேன். முதல் கட்டத்தில் "மனசு என்ன சொல்லுச்சு?", இரண்டாவதில் "உடம்புல எங்கே, என்ன பண்ணுச்சு?". நெஞ்சு அடைத்தது, அடிவயிறு பிசைந்தது, மண்டை சூடானது என்று எழுதுவார்கள். உங்களிடம் வரும் பெண்ணின் தலைவலியை, உணர்ச்சியைச் சொல்லத் தெரியாததன் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுதான் அவர் உணர்ச்சியைச் சொல்லும் மொழி. உடம்பில் வேறு காரணம் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறாரா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைத்துப் பேசுபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1976இல், சொல்லுக்குள்ளேயே பொருள் முழுவதையும் வைக்கும் பண்பாடுகள், சூழலிலும் உறவிலும் பொருளை விட்டுவிட்டுக் கொஞ்சமாகச் சொல்லும் பண்பாடுகள் என்று பிரித்தார். பிரிவு ரொம்பத் தட்டையானது. மதுரைச் சந்தையில் நின்று பார்த்தால் நாம் எந்தப் பக்கம் என்று அவருக்கே குழம்பியிருக்கும். ஆனாலும் வெட்கமான விஷயம் என்று வரும்போது நாம் சுற்றித்தான் போகிறோம், அதற்கு இரண்டாயிரம் வருடப் பழக்கம் இருக்கிறது. அகத்திணையில் அறத்தொடு நிற்றல் படித்திருப்பீர்கள். தலைவி தன் காதலைத் தாயிடம் நேரே சொல்வதில்லை. தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். ஒவ்வொரு கையாக மாறி விஷயம் போய்ச் சேரும், யார் முகமும் கெடாமல்.

ஐம்பது வயது தாண்டிய ஒருவர் என்னிடம் அண்ணன் மகனின் குடிப்பழக்கம் பற்றிப் பேச வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று முறை வந்தார். காலையில் கை நடுங்குவது வரை அண்ணன் மகனைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. பேசும்போது தன் கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். பெர்ல்ஸாக இருந்தால் "கையை மேலே வை" என்றிருப்பார். நான் "அந்தத் தம்பிகிட்ட என்ன சொல்லி அனுப்பலாம்?" என்று கேட்டு, அவரோடு சேர்ந்தே சொல்லி அனுப்பினேன். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது உட்பட. நான்காவது முறை உட்கார்ந்ததும், "டாக்டரைப் பார்த்துட்டேன்" என்றார். அண்ணன் மகன் அதன் பிறகு பேச்சில் வரவேயில்லை. நானும் கேட்கவில்லை.

இதை மென்மை என்று மட்டும் நினைக்க வேண்டாம். மில்லரும் அவர் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு முட்டி மோதினாரோ அவ்வளவுக்கு அந்த நபர் ஒரு வருடம் கழித்து அதிகம் குடித்தார் என்று தெரியவந்தது. லாரி பியூட்லர் என்ற ஆய்வாளரும் நீண்ட காலம் இதைப் பார்த்திருக்கிறார்: யாராவது "இதைச் செய்" என்றால் முரண்டு பிடிப்பவர்களுக்கு, வழிநடத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது, அந்த முரண்டு இல்லாதவர்களுக்கு வழிநடத்தும் முறை பொருந்துகிறது. நீங்கள் கேட்ட அட்டவணைக்கு மிக அருகில் வருவது இந்த ஒரு வரிதான். ஆனால் முரண்டு நம் ஊரில் எப்படி வெளிப்படும்? வாதாடமாட்டார்கள். "சரிங்க மேடம்" என்பார்கள்.

இந்த "சரி" ஒரு தனிப் படிப்பு. புரிந்தது என்ற சரி, செய்கிறேன் என்ற சரி, நீங்கள் பெரியவர் என்ற சரி, ஆளை விடுங்கள் என்ற சரி. சிபிடியில் வீட்டுப்பாடம் கொடுத்ததும் வரும் சரியை நம்பி நான் ஏமாந்த நாட்கள் ஏராளம். அடுத்த வாரம் ஆள் வராது. வந்தால் நோட்டு வீட்டில் இருக்கும். இப்போதெல்லாம் சரி என்றதும், "இதைச் செய்ய விடாம வீட்டுல எது குறுக்க வரும்?" என்று கேட்கிறேன். குறுக்கே வருவது என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டால், "முடியாது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லாமலே முடியாததைச் சொல்லிவிடலாம்.

எப்போதும் வருபவரின் பாணிக்கே இசைந்து போக வேண்டுமா என்றால், இல்லை. வர்ஜீனியா சட்டீர் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் குடும்பங்களைப் பார்த்து நெருக்கடியில் மனிதர்கள் பேசும் விதங்களைப் பிரித்தார்: தாழ்ந்து போய்ச் சமாதானம் செய்பவர், குற்றம் சாட்டுபவர், உணர்ச்சி ஒட்டாமல் கணக்குப் பேசுபவர், பேச்சை வேறெங்கோ திருப்பிவிடுபவர், அப்புறம் உள்ளும் வெளியும் ஒன்றாகப் பேசுபவர். எல்லாவற்றுக்கும் தாழ்ந்து போகும் ஒரு பெண்ணுக்கு, நீங்கள் கட்டளையிடும் ஆலோசகராக இருந்தால் இருவருக்கும் சுகமாக இருக்கும். அவர் சொன்னதைச் செய்வார், நீங்கள் பெருமைப்படுவீர்கள், ஆனால் நடந்தது இவ்வளவுதான்: மாமியார், கணவர் வரிசையில் அவருக்கு இன்னொரு எஜமானி கிடைத்திருக்கிறார். நேகி சொன்ன குரு நாற்காலியின் ஆபத்து இதுதான். அவர் பாணியில் தொடங்குங்கள், ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சின்ன முடிவையாவது அவர் கையில் விடுங்கள். அடுத்து எந்தக் கிழமை வருவது என்பதில் தொடங்கினாலும் போதும்.

எதிர்ப்பக்கத் தவறையும் நான் செய்திருக்கிறேன். ஆரம்ப வருடங்களில் ஒரு இளம் மருமகளுக்கு, ரோஜர்ஸின் வழிவந்த தாமஸ் கோர்டனின் "நான்" வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் இப்படிச் செய்யும்போது எனக்கு இப்படி இருக்கிறது, ஏனென்றால் அதனால் எனக்கு இன்னது நேர்கிறது என்ற வடிவம். உள்ளதை உள்ளபடி, பணிவாக, தெளிவாகச் சொல்வது. அறையில் அழகாகப் பேசிக் காட்டினாள். வீட்டில் போய் மாமியாரிடம் சொன்னாள். "கவுன்சலிங் போய் வாய் பேசக் கத்துக்கிட்டு வந்துட்டா" என்று இரண்டு தெருவுக்குச் செய்தி போனது. ஒரு மாதம் பிறந்த வீட்டில் இருந்தாள். வாக்கியத்தில் குறை இல்லை. அந்த வீட்டில் அந்த வாக்கியத்தை யார், யாரிடம், எப்போது சொல்லலாம் என்று நான் கேட்கவில்லை. பிறகு அதே விஷயத்தை அவள் நாத்தனார் வழியாக, மாமியார் கோயிலுக்குப் போய் வந்த ஒரு மாலையில் சொல்லிச் சரி செய்தாள். யோசனை அவளுடையது. நான் உம் கொட்டினேன்.

பாணிக்கு இசைவது என்றால் வேஷம் போடுவதும் இல்லை. கொங்கு நாட்டுக்காரர் வந்ததும் நீங்கள் "ஏனுங்" போட ஆரம்பித்தால் கேலி செய்வதாகத்தான் நினைப்பார். பேச்சு ஒருவரை நோக்கி இன்னொருவர் நகர்வதைப் பற்றிய கோட்பாட்டை 1970களில் தொடங்கிய ஹோவர்ட் கைல்ஸும், ஓரளவுக்கு மேல் நகர்ந்தால் அது அவமதிப்பாகத் தெரியும் என்கிறார். வேகம், வாக்கிய நீளம், நீங்க-நாங்க மரியாதை, எந்தச் சொல்லை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார் என்பது, இவ்வளவில் இசைந்தால் போதும். டைவர்ஸ், அஃபேர் என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் நீங்கள் அக்கறையாகத் தமிழ்ப்படுத்த வேண்டாம். கை சுடாமல் இருக்கத்தான் அந்தத் துணியைச் சுற்றிப் பிடித்திருக்கிறார்.

ஓரிடத்தில் மட்டும் சுற்றி வளைப்பதை நிறுத்திவிடுங்கள். "நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி பேச்சு வந்தால், அவர் பாணி எதுவானாலும், "சாகணும்னு தோணுதா? அதுக்கு ஏதாவது வழி யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று தமிழில் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். உடனே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416ஐ எழுதிக் கையில் கொடுங்கள். அடி வாங்கும் பெண்ணிடமும் அப்படித்தான். குடும்பப் பாணிக்கு இசைகிறேன் என்று "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்வது ஆலோசனையே இல்லை.

வேறு ஊர்ச் சரக்கை நம் வாயில் எப்படி எடுப்பது என்பதற்கு நான் மாணவர்களிடம் காட்டுவது ஜிம்பாப்வேயின் ஹராரே நகரம். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் வளாகத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்து வருபவர்களோடு பேசுகிறார்கள். டிப்ரஷன் என்ற சொல் கிடையாது. ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்கிறார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் ஆட்கள் "யோசிச்சு யோசிச்சே தலை வலிக்குது" என்பது போலத்தான். அந்தப் பெஞ்சில் நடப்பது பிராப்ளம்-சால்விங் தெரபி, சிபிடி குடும்பத்தைச் சேர்ந்தது, புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் மனதைத் திறப்பது, தூக்கிவிடுவது, பலப்படுத்துவது என்று படிகளுக்கு அவர்கள் மொழியிலேயே பெயர். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானபோது, பாட்டிமாரோடு பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் மற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தன. அணுகுமுறையின் எலும்பு வெளியிலிருந்து வந்தது, நாக்கு அந்த ஊர்ப் பாட்டியுடையது.

அந்தப் பெஞ்சில் எனக்குப் பிடித்தது, இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பது. நம் பயிற்சியில் முகத்துக்கு முகம், கண்ணைப் பார்த்து என்று சொல்லித்தருகிறார்கள். உங்கள் 38 வயதுப் பெண் தரையைப் பார்த்தே பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை நாற்காலியைப் பக்கவாட்டில் போடுங்கள், ஜன்னல் இருந்தால் ஜன்னலைப் பார்த்து. முதலில் பத்து நிமிடம் தலைவலியைப் பற்றி மட்டும், அதை ஒரு விருந்தாளி மாதிரி விசாரியுங்கள்: எப்போது வரும், யார் இருந்தால் வரும், யார் இல்லாவிட்டால் வராது. "நீங்களே சொல்லுங்க" என்றால் மறுக்காமல் "சொல்றேன்" என்று தொடங்குங்கள். கேஸ் நோட்டை அன்று மட்டுமாவது தமிழில், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "மண்டைக்குள்ள ஈ மொய்க்குது" என்றால் அதையே. "நாள்பட்ட தலைவலி, மன அழுத்தம் சார்ந்தது" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தால், மறு வாரம் அந்த ஈ எப்படி இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு ஞாபகம் வராது.